கூப்பிட்டால் வர முடியுமா? வேலையில்லாத காலத்தில் தொண்டு, படிப்பு, உதவித்தொகை

வேலை போனவர்களுக்கு உதவித்தொகை தரும் நாடுகள் பலவற்றில் ஒரு படிவம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ நிரப்பி அனுப்ப வேண்டும். கேள்விகள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த வாரம் வேலை செய்தீர்களா? ஏதாவது பணம் வந்ததா? வேலை கிடைத்தால் உடனே சேர முடியுமா? படிப்பிலோ பயிற்சியிலோ சேர்ந்திருக்கிறீர்களா? எங்கெங்கே வேலை கேட்டீர்கள்?

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பதினைந்து வருடம் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்தவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதே வேலை இன்னோர் இடத்தில் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. முதியோர் பராமரிப்புக்கு மாறிவிடலாம் என்று தீர்மானிக்கிறார். செவ்வாயும் வியாழனும் காலையில் நான்கு மணி நேரம் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்டு செய்கிறார்: சாப்பாடு ஊட்டுவது, செய்தித்தாள் படித்துக் காட்டுவது, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருவது. மாலையில் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழுக்கான வகுப்பு. வார இறுதியில் படிவத்தைத் திறக்கிறார். முதல் கேள்வியிலேயே கை நின்றுவிடுகிறது. ஒரு காசு வாங்கவில்லை, ஆனால் இடுப்பு வலிக்க வேலை செய்திருக்கிறார். ‘ஆம்’ என்றால் பணம் நின்றுவிடுமோ என்று பயம். ‘இல்லை’ என்றால் பொய்க் கையெழுத்து ஆகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

இந்த இடத்தில் பலர் தொண்டை விட்டுவிடுகிறார்கள். சிலர் யாரிடமும் சொல்லாமல் தொடர்கிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் தேவையில்லாத முடிவு. உதவித்தொகை, தொண்டு, படிப்பு மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோக நிறைய நாடுகளின் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழி எங்கே என்று தெரிய, படிவம் எதைத்தான் தெரிந்துகொள்ளப் பார்க்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1901-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரம், தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுத்துவந்த வேலையின்மைப் பணத்தோடு தன் பங்கையும் சேர்க்கத் தொடங்கியது. 1911-ல் பிரிட்டன் இதைக் கட்டாயக் காப்பீடாகவே சட்டமாக்கியது. வாரம் 7 ஷில்லிங், ஒரு வருடத்தில் அதிகபட்சம் 15 வாரம். யாருக்கு என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். கட்டுமானம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற சில தொழில்களில் இருந்தவர்களுக்கு மட்டும். இந்தத் தொழில்களில் வேலை வரும், போகும், திரும்ப வரும். கொத்தனாருக்கு இந்த மாதம் வேலை இல்லையென்றால் அடுத்த பருவத்தில் அதே கரண்டியோடு அதே வேலைக்குத் திரும்புவார். நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் காப்பீடு.

காப்பீடு என்றால் நடந்தது உண்மையான இழப்பா என்று பார்த்தாக வேண்டும். வீடு எரிந்ததா என்று போய்ப் பார்க்கலாம். ஒருவர் வேலை கிடைக்காமல் இருக்கிறாரா, வேண்டாம் என்று இருக்கிறாரா என்பதை எப்படிப் பார்ப்பது? ஒரு வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். 1910 பிப்ரவரியில் பிரிட்டனில் வேலைவாய்ப்பு நிலையங்கள் திறந்தன. அடுத்த ஆண்டு வந்த காப்பீடு அவற்றின் மேல்தான் உட்கார்ந்தது. நிலையம் ஒரு இடத்தைக் காட்டும். போனால் சரி, மறுத்தால் பணம் நிற்கும். 1921-ல் இன்னொரு படி போய், ‘உண்மையாகவே வேலை தேடுகிறேன்’ என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும் என்றார்கள். வேலையே இல்லாத ஊரில் வேலை தேடியதை நிரூபிக்கச் சொன்னது பெரிய கொடுமையாகி, 1930-ல் அந்த விதியை எடுத்தார்கள். ஆனால் அதன் சாயல் இன்றைய படிவங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1932-லும், நாடு முழுவதற்குமாக 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இதே அடிப்படையில்தான் வந்தன. 1988-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 168-ஆம் உடன்படிக்கை வேலையில்லாதவர் யார் என்று சொல்லும்போதும் அதே மூன்றைத்தான் கேட்கிறது: வேலை செய்ய முடிந்தவரா, வேலைக்கு வரத் தயாரா, தேடிக்கொண்டிருக்கிறாரா.

இந்த மூன்றில் தொண்டும் படிப்பும் உரசுவது பெரும்பாலும் நடுவில் இருப்பதோடுதான். முதியோர் இல்லத்தில் வேலை செய்ய முடிகிறது என்றால் உடல் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். வேலை தேடுவதையும் மற்ற நேரத்தில் செய்யலாம். கேள்வி, வரத் தயாரா என்பதில்தான் நிற்கிறது. புதன்கிழமை காலை தொலைபேசி வந்து, நாளைக் காலை பத்து மணிக்கு நேர்காணல் என்றால் அந்தப் பெண் தொண்டை விட்டுவிட்டுப் போவாரா? அடுத்த திங்கள் வேலையில் சேரச் சொன்னால் வகுப்பை என்ன செய்வார்? அதிகாரி மணிக்கணக்கைக் கேட்பதும்கூட இதைக் கண்டுபிடிக்கத்தான். வாரம் எட்டு மணி நேரம் என்றாலும், நகர்த்தவே முடியாத எட்டு மணி நேரமென்றால் அது சிக்கல். இருபது மணி நேரமென்றாலும், ஒரு தொலைபேசியில் நிறுத்திவிடக்கூடிய இருபதென்றால் பல இடங்களில் பிரச்சினையே இல்லை.

பிரிட்டனின் வேலை தேடுவோர் உதவித்தொகை விதிகள் இதை நேராகவே எழுதிவைத்திருக்கின்றன. மற்றவர்கள் உடனே வேலையில் சேரத் தயாராக இருக்க வேண்டும். தொண்டு செய்பவருக்கு நேர்காணலுக்கு 48 மணி நேரமும், வேலையில் சேர ஒரு வாரமும் அவகாசம் உண்டு. அதாவது, தொண்டு செய்யும் இடத்தில் சொல்லிவிட்டு வர நேரம் வேண்டுமே என்று சட்டமே யோசித்திருக்கிறது. அங்கே 2013 முதல் வந்த, வருமானம் பார்த்துக் கொடுக்கும் ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்ற உதவித்தொகையில் வாரம் 35 மணி நேரம் வரை வேலை தேட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். உதவித்தொகை அலுவலகம் ஒத்துக்கொண்டால் அதில் பாதி வரைக்கும் தொண்டு நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் சம்பள வேலை வாரம் 15 மணி நேரத்தைத் தொட்டாலே ஒருவர் வேலையில்லாதவர் என்ற கணக்கிலிருந்து வெளியே போய்விடுவார். தொண்டுக்கு அந்த வரம்பு கிடையாது. 15 மணி நேரமோ அதற்கு மேலோ போனால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வேலைக்குத் திரும்புவதற்கு அது தடையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தொண்டு விஷயத்தில் அலுவலகத்துக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. இது உண்மையிலேயே தொண்டா, சம்பளம் கொடுக்காமல் வாங்கும் வேலையா? இந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது தொழிலாளியைக் காப்பாற்றவும் செய்கிறது. பிரான்சின் தொழிலாளர் சட்டம் வேலை தேடும் எவரும் தொண்டு செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது, கூடவே மூன்று வேலிகளையும் போடுகிறது: முன்பு வேலை பார்த்த முதலாளியிடம் செய்யக் கூடாது, சம்பள வேலை ஒன்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது, வேலை தேடும் கடமைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. ஆள் குறைப்பு செய்துவிட்டு, ‘கொஞ்ச நாள் வந்து உதவி செய்யுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கூப்பிடும் நிறுவனங்களை நினைத்தால் முதல் வேலி எவ்வளவு அவசியம் என்று தெரியும். அமெரிக்காவில் லாபத்துக்கு நடக்கும் தனியார் நிறுவனத்தில் ‘தொண்டு’ என்ற ஒன்றையே கூலிச் சட்டம் ஏற்பதில்லை. அங்கே செய்தால் அது வேலை, கூலி கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் பணம் கொடுக்க வசதியுள்ள ஒருவருக்கு இலவசமாக வேலை செய்தால், வாங்காத கூலியையும் வாங்கியதாகவே கணக்கு வைக்க விதி இருக்கிறது. அறக்கட்டளைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே மாமாவின் கடையில் கல்லாவில் உட்காருவதும் முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் படிப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

பணம் என்றதும் இன்னொரு குழி. பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு என்று நிறுவனம் செலவைத் திருப்பிக் கொடுத்தால் அது பொதுவாக வருமானத்தில் சேராது. ஆனால் கணக்குப் பார்க்காமல் வாரத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்தால் அது கூலி மாதிரி ஆகிவிடும், பெயர் ‘ஊக்கத்தொகை’ என்று இருந்தாலும். டிக்கெட்டையும் ரசீதையும் ஒரு உறையில் போட்டு வைப்பது பழைய காலத்துப் பழக்கம்தான். இங்கே அதுவே சாட்சி.

படிப்புக்கு வருவோம். இங்கே கணக்கு வேறு. தொண்டில் நிறுத்த முடியுமா என்று கேட்டவர்கள், படிப்பில் யார் தீர்மானித்தது என்றும் கேட்கிறார்கள். அலுவலகம் ஒப்புக்கொண்ட பயிற்சி என்றால் கதவு திறந்திருக்கும். நீங்களே போய்ச் சேர்ந்தது என்றால் பாதி மூடியிருக்கும். பாடமும் அதே, வகுப்பறையும் அதே, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்குப் பணம் வரும், இன்னொருவருக்கு நின்றிருக்கும். முன்கூட்டி வாங்கிய ஒப்புதல் கடிதம் ஒன்றுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் 1970-ல் வந்த கூட்டாட்சித் திருத்தம் இதில் பெரிய மாற்றம். மாநில அலுவலகம் ஒப்புதல் கொடுத்த பயிற்சியில் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக அவருடைய பணத்தை மறுக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களையும் அது கட்டுப்படுத்தியது. பயிற்சி முடியும் வரை வரத் தயாரா, தேடினீர்களா என்ற கேள்விகள் அவருக்குப் பொருந்தாது. எதற்கு ஒப்புதல் கொடுப்பது என்பதை மட்டும் மாநிலங்களிடமே விட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் 2003 முதல் ‘கல்விச் சீட்டு’ என்று ஒன்று கொடுக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் கொடுத்தால் கட்டணம் அலுவலகத்தினுடையது. அதோடு, பயிற்சியில் கழியும் இரண்டு நாளுக்கு உதவித்தொகைக் கணக்கில் ஒரு நாள்தான் குறையும். 2023 ஜூலை முதல், முறையான தொழிற்தகுதி பெறப் படிப்பவருக்கு மாதம் 150 யூரோ கூடுதலாகவும் தருகிறார்கள்.

ஒப்புதல் இல்லாமல் தானாகச் சேர்ந்தவர்களுக்குக் கனடா என்ன சொல்கிறது என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் தெரியும். முழுநேரம் படிக்கிறவர் வேலைக்குக் கிடைக்கமாட்டார் என்ற அனுமானத்தில்தான் அங்கே தொடங்குவார்கள். இல்லை, நான் முன்பும் படித்துக்கொண்டே வேலை பார்த்தவன், இப்போதும் முடியும் என்று காட்டவேண்டியது மனுதாரரின் பொறுப்பு. மாகாணம் போன்ற அதிகாரமுள்ள அமைப்பு அனுப்பிவைத்த பயிற்சி என்றால் அந்தச் சுமை கிடையாது. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் வாங்கிக்கொண்டு முழுநேர வேலைப் பயிற்சி எடுக்க 8 வாரம் என்று இருந்த வரம்பை 2021-ல் 12 வாரமாக்கினார்கள். 12 வாரத்தில் ஒருவர் தொழில் மாறிவிட முடியுமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்கலாம். செவிலியர் ஆக முடியாது.

எனக்கு இதில் வருத்தம் தருவது இந்த இடம்தான். விதி எழுதப்பட்டது திரும்பி வரப்போகும் வேலைக்காகக் காத்திருந்தவருக்கு. அவர் சும்மா காத்திருந்தால் தவறில்லை. கூப்பிட்டதும் வந்தால் போதும். இன்று அச்சகத்தை இழந்தவருக்குத் திரும்பி வரப்போகும் வேலை எதுவும் இல்லை. சும்மா காத்திருப்பதுதான் அவர் எடுக்கக்கூடிய மோசமான முடிவு. ஆனால் படிவம் அவரைப் பார்க்கும்போது, காத்திருப்பவரை ஒழுங்கானவராகவும் கற்றுக்கொள்பவரைச் சந்தேகத்துக்குரியவராகவும் காட்டுகிறது. ஒப்புதல் கொடுக்கும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியும் பல இடங்களில், ‘உங்களிடம் இருக்கும் திறமைக்கே வேலை இருக்கிறதே, எதற்குப் புதிய படிப்பு?’ என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல அந்தப் பெண் கையில் ஏதாவது எடுத்துப் போக வேண்டும்: கடந்த மூன்று மாதத்தில் தன் தொழிலில் வந்த காலியிட விளம்பரங்கள் எத்தனை, பராமரிப்பு வேலைக்கு வந்தவை எத்தனை, எத்தனைக்கு விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது. வாயால் சொல்வதைவிட இந்த ஒரு தாள் பேசும். முதியோர் இல்லத்திலிருந்து ஒரு கடிதம், ‘இவருக்கு இந்த வேலை ஒத்துவருகிறது, சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொள்ள யோசிப்போம்’ என்று இருந்தால் இன்னும் நல்லது. தொண்டு படிப்புக்குச் சாட்சியாவது இப்படித்தான்; இரண்டையும் தனித்தனித் தொல்லைகளாகப் பார்க்காமல் ஒரே திட்டத்தின் இரண்டு பகுதிகளாக அதிகாரி முன் வைக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைக்காவிட்டால்? கதை முடிந்துவிடாது. ஜெர்மன் சட்டத்தில் இதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தன் செலவில் படிப்பவருக்கும் உதவித்தொகை தொடரலாம், அலுவலகம் சம்மதித்து, வேலை வந்தால் உடனே வகுப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்று பயிற்சி நிலையத்தோடு ஒப்பந்தம் இருந்தால். வேறு நாடுகளில் இப்படி விதி எழுதியிருக்காவிட்டாலும் இதே தர்க்கம் வேலை செய்யும். மாலை வகுப்பா பகல் வகுப்பா, பதிவு செய்த பாடங்களைப் பிறகு பார்க்க முடியுமா, பாதியில் விட்டால் அடுத்த குழுவில் சேர்ப்பார்களா, கட்டிய பணம் எவ்வளவு. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பெரிய தொகை கட்டியவர் வேலைக்காக வகுப்பை விட்டுவிடுவேன் என்றால் அதிகாரி நம்பத் தயங்குவார்.

நடுவில் ஒரு வகை இருக்கிறது, அதைப் படிவங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன: படிப்பின் பகுதியாக வரும் சம்பளமில்லாத செய்முறைப் பயிற்சி. பராமரிப்புச் சான்றிதழுக்கு இத்தனை மணி நேரம் ஒரு இல்லத்தில் வேலை செய்து காட்ட வேண்டும் என்று இருக்கும். அது தொண்டா, வேலையா, படிப்பா? நேரம் குறித்த, தவறவிட முடியாத மணிகள் இவை; தொண்டைப் போல ஒரு தொலைபேசியில் நிறுத்த முடியாது. இல்லம் லாபத்துக்கு நடப்பதாகவும் இருக்கலாம். இதைத் தொண்டு என்று எழுதினால் வம்பு. பயிற்சிக்கு ஒப்புதல் கேட்கும்போதே செய்முறை மணிகளையும் சேர்த்து எழுதி, எல்லாம் ஒரே பாடத்திட்டம் என்று காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவதுதான் சரியான வழி.

காலக்கணக்கையும் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண காலத்தில் அதிகபட்சம் 26 வாரம்தான் பணம் வரும். இரண்டு வருடப் படிப்பை 26 வாரப் பணத்தில் எப்படி முடிப்பது? வெளிநாட்டுப் போட்டியால் வேலை போனவர்களுக்கு 1962 முதல் அங்கே தனித் திட்டம் ஒன்று இருந்தது. பயிற்சிக் கட்டணமும் நீண்ட காலப் பணமும் சேர்ந்தே வந்தன. 2022 ஜூலையோடு புதியவர்களைச் சேர்ப்பது நின்றுபோனது. அதே 2022-ல் ஸ்வீடன் எதிர்த் திசையில் நடந்தது. நடு வயதில் தொழில் மாறப் படிப்பவருக்கு ஒரு வரம்புக்குள் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, 44 வாரம் வரை தருகிறது. அதற்கு வேலை போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வேலையின்மைப் பணத்தை நீட்டி இழுத்துப் படிப்புப் பணமாக்குவதைவிட இது நேர்மையான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

அப்புறம், எந்த நாடானாலும் எந்தப் பணம் வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். சந்தா கட்டியதால் வரும் காப்பீட்டுப் பணம் ஒன்று. வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவி இன்னொன்று. இரண்டாவதில் முழுநேர மாணவர் என்று பதிவாகிவிட்டால், ‘உங்களுக்குக் கல்விக் கடன் இருக்கிறதே’ என்று வேறு துறைக்கு அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். சேரும் முன் பகுதிநேரம், முழுநேரம் என்பதை எந்த மணிக்கணக்கில் பிரிக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். கல்லூரியின் கணக்கும் உதவித்தொகை அலுவலகத்தின் கணக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இதற்கெல்லாம் பயந்து சொல்லாமல் விடுவதுதான் உண்மையிலேயே ஆபத்து. அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொண்டுகூட, மறைத்ததாகத் தெரியவரும்போது மோசடிக் கணக்கில் போய்விடும். அமெரிக்காவில் மோசடி என்று தீர்மானமானால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு குறைந்தது 15 சதவீதம் அபராதமும் சேரும். அதனால் தொடங்கும் முன்பே கேட்பது, வாயால் கேட்டாலும் பதிலை எழுத்தில் வாங்குவது. கவுன்டரில் இருப்பவர் ‘அதெல்லாம் பிரச்சினை இல்லை’ என்று சொன்னால், அன்று மாலையே ‘இன்று இப்படிக் கேட்டேன், இப்படிச் சொன்னீர்கள்’ என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த இருக்கையில் வேறொருவர் இருப்பார்.

அந்தப் பெண் அனுப்ப வேண்டிய கடிதமும் நீளமானதல்ல. செவ்வாய், வியாழன் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை இன்ன இடத்தில் தொண்டு. பணம் இல்லை, பஸ் கட்டணம் மட்டும் திருப்பித் தருகிறார்கள். வகுப்பு மாலை ஆறு முதல் எட்டு வரை. நேர்காணலோ வேலையோ வந்தால் இரண்டையும் அன்றே நிறுத்திக்கொள்ள முடியும். இல்லத்தின் பொறுப்பாளரும் பயிற்சி நிலையமும் அதை உறுதிசெய்து கொடுத்த குறிப்புகள் இணைப்பில். படிவத்தில் ‘வேலை செய்தீர்களா’ என்ற இடத்தில் தொண்டு என்று தனியாக எழுத வழி இருந்தால் அங்கேயே எழுதலாம். வெறும் ‘ஆம்’, ‘இல்லை’ மட்டும் இருந்தால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

மறுத்துவிட்டார்கள் என்றால் மேல்முறையீட்டுக்கு நாள் குறைவு. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஒரு மாதம், கனடாவில் 30 நாள், அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் பத்து நாள்தான். மறுத்த கடிதத்தில் எந்த விதியைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து அதற்கு மட்டும் பதில் எழுதுவது நல்லது. ‘வரத் தயாராக இல்லை’ என்று மறுத்திருந்தால், தொண்டு எவ்வளவு உயர்ந்தது என்று எழுதுவதில் பயனில்லை. நேர்காணலுக்காக ஒரு வியாழக்கிழமை தொண்டுக்குப் போகாமல் விட்ட தேதியும், அன்று இல்லத்துக்கு அனுப்பிய செய்தியும்தான் பயன்படும். வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதும் வாராந்தரப் படிவத்தை நிறுத்தக் கூடாது. பணம் வராத வாரங்களிலும் நிரப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பல இடங்களில், வழக்கில் ஜெயித்த பிறகும் படிவம் அனுப்பாத வாரங்களுக்குப் பணம் கிடைக்காது.